சென்னைத் தோட்டங்களும் தேசாந்தர விருட்சங்களும்

சென்னையில் கதீட்ரல் சாலைக்குப் பெயர் தந்த புனித ஜார்ஜ் தேவாலயத்தினுள்ளே, தளபதிகளுக்கும் பேராயர்களுக்கும் எடுக்கப்பட்ட நினைவுச் சின்னங்களின் நடுவே, வைத்தியர் ஒருவருடைய பளிங்குச் சிலையும் இருக்கிறது. இங்கிலாந்தில் பிரசித்தி பெற்ற சிற்பியான சான்ட்ரியின் உளியில் உருவான அச்சிலைக்கு உரியவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ராஜதானியில் தலைமை வைத்தியராக இருந்து 1809-ல் காலமான ஸ்காட்லாந்து தேசத்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். நோயாளிகளுக்கு மருந்து கொடுத்ததைக் காட்டிலும், நுங்கம்பாக்கத்தில் நூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் தோட்டம் போட்டு, நாலா திக்குகளிலிருந்தும் செடிகொடிகளை வரவழைத்து வளர்த்ததற்காகவே அவர் சரித்திரத்தில் நினைக்கப்படுகிறார். அந்தத் தோட்டத்தில் ஒரு செடிகூட இன்று இல்லை. ஆண்டர்சன் சாலை என்ற தெருப்பெயர் மாத்திரம் எஞ்சி நிற்கிறது. நம்முடைய நகரத்தில் தாவரங்களைச் சேர்த்து வளர்த்தவர்களின் விருத்தாந்தத்தைத் தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு ஒன்று புலப்படும்: இத்தோட்டங்கள் ஆதியில் லாபத்துக்காகத் தோன்றின, பிறகு அலங்காரத்துக்காக வளர்ந்தன, இருப்பதைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் மிகவும் பிந்தி வந்தது, அது இன்னும் பூரணமாகவில்லை.

ஆண்டர்சனுக்கும் முன்னே இவ்வூர்ச் செடிகளைத் தேடி அலைந்தவர்கள் உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் புனித ஜார்ஜ் கோட்டையில் ரண வைத்தியராக இருந்த சாமுவேல் பிரவுன், சுற்றுவட்டாரத்துக் கிராமங்களில் திரிந்து, பூண்டுகளையும் மரக்கிளைகளையும் உலர்த்தி, நம்மவர்கள் சொன்ன பெயர்களையும் பிரயோஜனங்களையும் குறித்துக்கொண்டு லண்டனுக்கு அனுப்பி வைத்தார். பெட்டிவர் என்ற மருந்துச் சரக்கு வியாபாரி அவற்றை ராயல் சொஸைட்டியின் சஞ்சிகையில் பிரசுரித்தார். ஐரோப்பியத் தாவரசாஸ்திரிகள் சென்னையின் பெயரைத் தங்கள் லத்தீன் நாமாவளியில் சேர்த்தது இத்தகைய சேகரங்களின் பயனே. சளிக்கும் இருமலுக்கும் நம் வீட்டுப் பெரியவர்கள் தோசைமாவில் அரைத்துக் கலக்கும் முசுமுசுக்கைக்கும், வயல்வரப்பில் தானே முளைக்கும் மேலாநெல்லிக்கும் சாஸ்திரப் பெயரில் ‘மதராஸபட்டணம்’ ஒட்டிக்கொண்டிருப்பது அந்நாளைய சம்பந்தத்தினால்தான். ஆனால் இவர்கள் கண்டதை எழுதி வைத்தார்களே ஒழிய, வளர்க்க நிலம் தேடவில்லை. நிலம் தேடியவர் ஆண்டர்சன்.

1786-ஆம் வருஷத்தின் இறுதியில் சென்னைக் கடற்கரையோரப் புல்லில் சிவப்புச் சாயம் கக்கும் பூச்சி ஒன்றைக் கண்டதாக அவர் ராயல் சொஸைட்டியின் தலைவர் ஸர் ஜோசப் பாங்க்ஸுக்குக் கடிதம் எழுதினார். அதன் முக்கியத்துவத்தை உணர அக்காலத்து வாணிப நிலையைச் சிறிது அறிய வேண்டும். பட்டுக்கும் கம்பளிக்கும் சிவப்பேற்றும் சாயங்களில் தலைசிறந்தது, மெக்ஸிகோ தேசத்துக் கள்ளிச் செடியில் வளரும் கொச்சினீல் என்னும் பூச்சியை உலர்த்திப் பொடித்துப் பெறுவது. ஒரு ராத்தல் சாயத்துக்குச் சுமார் 70,000 பூச்சிகள் வேண்டும். அந்த வியாபாரம் முழுவதும் ஸ்பெயின் தேசத்தாரின் கையில் இருந்தது; உயிருள்ள பூச்சியை வெளியே கொண்டுபோக விடாமல் அவர்கள் கடுங்காவல் வைத்திருந்தார்கள். அந்தத் தனியுரிமையைச் சென்னை மண்ணில் உடைத்துவிடலாம் என்று ஆண்டர்சன் நம்பினார். கடற்கரைப் பூச்சி வேறு ஜாதி என்று தெரிந்த பிறகும் அவர் மனம் தளரவில்லை. மெய்யான பூச்சி என்றைக்காவது வந்து சேரும், அதற்கு ஆகாரம் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று கருதி, நோப்பல் என்ற கள்ளியை லண்டன் கியூ தோட்டத்திலிருந்து கப்பலேற்றி வரவழைத்தார். கம்பெனியாரும் இசைந்து சைதாப்பேட்டையில், மர்மலாங் பாலத்தை அடுத்து, கள்ளிக்கென்றே தனித்தோட்டம் அமைத்து, ஆண்டர்சனின் சகோதரி மகனான ஆண்ட்ரூ பெர்ரி என்ற வைத்தியரைப் பரிபாலனத்துக்கு நியமித்தார்கள். விருந்தாளி வருமுன்னே பந்தி விரித்துக் காத்திருந்த தோட்டம் அது.

விருந்தாளி 1795-ல் வந்தான். நீல்சன் என்ற கப்பல் தலைவர் பிரேஸில் தேசத்துக் கரையிலிருந்து உயிருள்ள பூச்சிகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து சேர்க்க, அங்கிருந்து அவை மற்ற இடங்களுக்கும் பரவின. ஆனால் வந்தது மெக்ஸிகோவின் உத்தமமான பூச்சியன்று. அதன் காட்டு இனம். சாயம் மட்டமாக இருந்தது. போட்ட பணத்துக்குப் பலன் கிடைக்கவில்லை. ஆண்டர்சன் பட்டுப் புழுவுக்காக முசுக்கட்டைச் செடிகளை ராஜதானியெங்கும் அனுப்பிப் பார்த்தார். கரும்பு, காப்பி, அமெரிக்கப் பருத்தி என்று ஒவ்வொன்றிலும் கை வைத்தார். அவருடைய சிரத்தையைக் குறை சொல்ல இயலாது. ஆனால் ஒரு செடியை ஒரு மண்ணில் கொண்டுவந்து இறக்கும்போது அந்த மண்ணுக்கு என்ன ஆகும் என்ற கேள்வி அவர் காலத்தில் எவர் மனத்திலும் எழவில்லை. தாவரத்தை அவர்கள் சரக்காகவே மதித்தார்கள்.

கேள்விக்குப் பதில் பின்னால் வந்தது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து பல வழிகளில் இங்கே வந்து சேர்ந்த கள்ளி இனங்கள் வேலியாகவும் அரணாகவும் நடப்பட்டு, பிறகு வேலியைத் தாண்டிப் புறம்போக்கிலும் மேய்ச்சல் தரையிலும் புகுந்து, மாடும் மனிதரும் நுழைய முடியாத புதராக மண்டின. கல்கத்தாவில் வந்து இறங்கிய பூச்சி, சாயத்துக்கு உதவாவிட்டாலும், கள்ளியின் ஒரு வகையை உறிஞ்சி மாய்க்கக்கூடியது என்று கண்டுகொண்டு, 1836-லிருந்து 1838 வரையில் அதைத் தென்னாட்டில் வேண்டுமென்றே பரவவிட்டார்கள். ஒரு களையை அழிக்க அதன் பகையான ஜீவனை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுபோய் வெற்றி கண்டதற்கு உலகத்திலேயே இதுதான் முதல் உதாரணம் என்று பூச்சியியல் நூல்கள் கூறுகின்றன. அப்பூச்சி தொடாத இன்னொரு வகை, நாம் சப்பாத்திக் கள்ளி என்றும் நாகதாளி என்றும் சொல்லும் முட்செடி, அதற்குப் பின்னும் தென் ஜில்லாக்களை வாட்டியது. அதற்குரிய வேறொரு கொச்சினீல் இனம் இலங்கை மார்க்கமாக 1926-ல் வந்து சேர்ந்த பிறகு, சில வருஷங்களுக்குள் காடு காடாகக் கிடந்த கள்ளி வெண்பஞ்சு பூத்தாற்போலப் பூச்சியடைந்து அழுகிச் சாய்ந்தது. செல்வம் தேடித் தொடங்கிய ஓர் ஆசையின் மிச்சத்தைத் துடைக்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று என்பதை, புதுச்செடி எதையும் வரவேற்குமுன் நாம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

சைதாப்பேட்டைக் கள்ளித் தோட்டத்தை 1800-ஐ ஒட்டிக் கம்பெனியார் கைவிட்டார்கள். திப்பு சுல்தானின் வீழ்ச்சிக்குப் பிறகு பெங்களூர் லால்பாக் கம்பெனியின் வசமானபோது, இங்கிருந்த செடிகள் அங்கே போய்ச் சேர்ந்தன. பிறகு 1848-ல் உதகமண்டலத்தில் மக்கைவர் என்ற தோட்டக்கலைஞரின் பொறுப்பில் சர்க்கார் தாவரத் தோட்டம் உருவாயிற்று. கல்கத்தாவுக்கு 1787-லிருந்தும், இலங்கைப் பேராதனைக்கு 1821-லிருந்தும் கிடைத்த பாக்கியம், ராஜதானியின் தலைநகரமாகிய சென்னைக்குக் கிடைக்காமல் போனது இப்படித்தான். குளிர்ந்த மேட்டுநிலங்கள் அந்தப் பெருமையைத் தட்டிக்கொண்டு போயின. சைதாப்பேட்டையில் பிற்பாடு ஏற்பட்ட விவசாயப் பள்ளிக்கூடமும் 1906-ல் கோயமுத்தூருக்குப் பெயர்ந்து இன்றைய வேளாண் பல்கலைக்கழகமாக விரிந்தது. வெயிலும் உப்புக் காற்றும் மிகுந்த இந்தக் கடலோர ஊர், பிற ஊர்த் தோட்டங்களுக்கு நாற்றங்காலாக இருந்து தான் வெறுங்கையாக நின்றது.

அந்தக் குறையை ஓரளவு தீர்த்தது கதீட்ரல் சாலையின் இரு மருங்கிலும் நிலம் பெற்று 1835-ல் தொடங்கிய விவசாய தோட்டக்கலைச் சங்கம். அதை நிறுவுவதில் முன்னின்றவர்களில் ஒருவர் ராபர்ட் வைட். 1819-ல் ரண வைத்தியராகச் சென்னைக்கு வந்து, தென்னாட்டுத் தாவரங்களிலேயே ஆயுளில் பெரும்பகுதியைச் செலவிட்டவர் அவர். 1838-லிருந்து 1853 வரையில் ஆறு தொகுதிகளாக அவர் வெளியிட்ட கிழக்கிந்தியத் தாவரப் படங்களின் நூலில் 2,101 படங்கள் இருக்கின்றன. அப்படங்களை எழுதியவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் நம் நாட்டுச் சித்திரக்காரர்கள் இருவர். இலையின் நரம்பையும், மகரந்தப் பையின் பிளவையும், சூலறையின் குறுக்கு வெட்டையும் பூதக்கண்ணாடியில் பார்த்துத் தூரிகையில் கொண்டுவந்த இவர்களுடைய உழைப்பு இல்லாமல் அந்த நூல் இல்லை. வைட் நன்றி மறந்தவர் அல்லர். தாம் கண்ட தரைவாழ் ஆர்க்கிட் ஒன்றின் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார். பிற்காலச் சாஸ்திரிகள் அதை வேறு பேரினத்தில் அடக்கிவிட்டதால் அப்பெயர் வழக்கிழந்தது. ஆயினும் நம்மூர்ச் சித்திரக்காரர் ஒருவருக்குத் தாவரசாஸ்திரம் செய்த மரியாதை ஏட்டில் நிற்கிறது. அவ்விருவர் பெயரையும் சென்னையில் ஒரு தெருவும் ஒரு பூங்காவும் தாங்கவில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தமளிக்கும் விஷயம்.

சங்கத்துக்குப் பின்வந்த காரியதரிசிகளில் ஹ்யூ கிளெகார்னைச் சிறப்பாகச் சொல்ல வேண்டும். சென்னை மருத்துவக் கல்லூரியில் தாவரசாஸ்திரம் போதித்தவர். 1856-ல் ராஜதானியின் காடுகளுக்கு முதல் காப்பாளராக நியமனம் பெற்றவர். ரயில்பாதைக்குக் குறுக்குக் கட்டைகளும் எஞ்சினுக்கு விறகும் என்று காடுகள் வேகமாக வெட்டப்பட்டு வந்த காலத்தில், காடு அழிந்தால் மழையும் நீரூற்றும் குறையும் என்று ஓயாமல் எழுதி, தேக்குக்காட்டில் வெட்டுக்கு வரம்பு கட்ட முயன்றவர். அவர் 1853-ல் சங்கத்துத் தோட்டத்தில் வளர்ந்த செடிகளையெல்லாம், சுதேசியானவை இவை, வந்து குடியேறியவை இவை என்று அடையாளம் காட்டி, ஒரு ஜாபிதாவாக அச்சிட்டு வெளிப்படுத்தினார். அலங்காரமில்லாத வெறும் பெயர் வரிசைதான். ஆனால் சென்னைத் தோட்டங்களின் சரித்திரத்தில் அந்தப் புஸ்தகத்தையே நான் தலையாயதாக மதிக்கிறேன். தோட்டம் என்பது நிலமும் நீரும் மாத்திரமன்று. எது எங்கே நிற்கிறது, எந்தத் தேசத்திலிருந்து வந்தது என்று சொல்ல ஒருவர் இருக்கும் வரையில்தான் அது தாவரத் தோட்டம். சொல்பவர் மறைந்தால் வெறும் தோப்பு.

சங்கத்தார் விதைகளையும் ஒட்டுக்கன்றுகளையும் அங்கத்தினர்களுக்கு வழங்கினார்கள்; மலர்க் காட்சிகள் நடத்திப் பரிசு கொடுத்தார்கள். சென்னையில் மாடி வீட்டின் முகப்பில் குரோட்டன்ஸ் தொட்டியும், சுற்றுச்சுவரில் காகிதப்பூக் கொடியும் வைக்கும் பழக்கம் வேரூன்றியதில் அவர்களுக்குப் பங்கு உண்டு. எருவும் செம்மண்ணும் கலக்கும் பக்குவமும், பதியம் போடுவதும் மொட்டு ஒட்டுவதும் தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்த வித்தையாகவே தோட்டக்காரர் குடும்பங்களில் வழங்கின. அவர்களில் ஒருவர் பெயரையும் சங்கத்தின் சரித்திரம் சொல்லும் நூல்களில் காண முடியவில்லை. கோவிந்துவுக்குக் கிடைத்த மரியாதை மண்வெட்டி பிடித்தவர்களுக்குக் கிடைக்கவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு சங்கத்தின் வருவாய் மெலிந்தது. 1962-ல் தோட்டத்தின் ஒரு பகுதியில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஹோட்டல் வந்தது. காரில் உட்கார்ந்தபடியே மரநிழலில் ரவா தோசையும் காப்பியும் சாப்பிட்ட ஒரு தலைமுறைக்கு அவ்விடம் ஹோட்டலாகவே நினைவில் நிற்கிறது. தலைக்கு மேலே இருந்த கிளைகள் ஒரு தாவரத் தோட்டத்தின் மிச்சம் என்பதை அறிந்து அண்ணாந்து பார்த்தவர் சிலரே. நிலத்தைப் பற்றிய வழக்குகள் பல வருஷம் நடந்து, 2008-ல் ஹோட்டல் மூடப்பட்டு, சர்க்கார் அவ்விடத்தை ஏற்றுக்கொண்டு, சுமார் 20 ஏக்கரில் செம்மொழிப் பூங்கா அமைத்து 2010 நவம்பரில் திறந்தார்கள். அவ்வருஷம் கோயமுத்தூரில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டின் ஞாபகமாக அந்தப் பெயர். பழைய மரங்களை வெட்டாமல் அவற்றைச் சுற்றியே பாதைகள் வகுத்தது மெச்சத்தக்கது. 2024 அக்டோபரில் சாலையின் எதிர்ப்புறத்திலும், சங்கத்தின் வசமிருந்த நிலத்தில், கண்ணாடி மாளிகையோடு கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறக்கப்பட்டது. ஜனங்கள் வந்து உலாவும் இடமாக இரண்டும் நன்றாகவே விளங்குகின்றன. ஆனால் வைட், கிளெகார்ன் காலத்தில் இவ்விடத்தில் நடந்த ஆராய்ச்சிப் பணி இன்னும் திரும்பி வரவில்லை.

அபூர்வ விருட்சங்களைக் காண ஆசைப்படுகிறவர்கள் கதீட்ரல் சாலையோடு நின்றுவிடாமல் அடையாற்றுக்கும் போக வேண்டும். 1882-ல் கர்னல் ஆல்காட்டும் பிளவாட்ஸ்கி அம்மையாரும் ஆற்றின் தென்கரையில் ஹடில்ஸ்டன் தோட்டம் என்ற சிறு எஸ்டேட்டைப் பிரம்மஞான சபைக்காக வாங்கினார்கள். அன்னி பெசன்ட் அம்மையார் காலத்தில் அடுத்தடுத்த தோட்டங்களும் சேர்ந்து, இன்று 250 ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கிறது. பல தேசத்து அங்கத்தினர்கள் வந்து தங்கிய அந்த இடத்தில் பல தேசத்து மரங்களும் வந்து தங்கின. அவற்றில் ஒன்று ஆப்பிரிக்காவின் பெருக்க மரம். பப்பரப்புளி என்றும் ஆனைப்புளி என்றும் இதற்குப் பெயர்கள் உண்டு. மன்னாரிலும் ராமநாதபுரக் கரையிலும் அராபிய வணிகர்கள் கொண்டுவந்து நட்டதாகச் சொல்லப்படும் கிழட்டு மரங்கள் இருக்கின்றன. ஆனைக்கால் போலப் பருத்த அடிமரத்தில் வெய்யில் காலத்துக்கு வேண்டிய நீரைத் தேக்கி வைத்துக்கொண்டு, வருஷத்தில் பல மாதங்கள் இலையில்லாமல் மொட்டையாக நிற்கும் தன்மையது. இன்னொன்று சிவகுண்டலம், முழம் நீளத்துக்கு மேல் கயிறுபோல் தொங்கும் காம்பின் நுனியில் சுரைக்காயை ஒத்த கனத்த காய் ஆடும். பெருக்க மரமும் சிவகுண்டலமும் இரவில் பூப்பவை. அவற்றின் மகரந்தத்தை எடுத்துச் செல்வது வௌவால். ஜன்மபூமியை விட்டு ஆயிரக்கணக்கான மைல் தள்ளி நட்ட மரத்துக்கும், நம்மூர்ப் பழந்தின்னி வௌவால் அந்தத் தூதுவேலையைச் செய்து கொடுக்கிறது.

இவற்றிலெல்லாம் நாகலிங்க மரத்தையே நாம் மிகவும் நம்மதாக்கிக் கொண்டோம். தென் அமெரிக்காவில் கயானாக் காடுகளைத் தாய்நாடாக உடைய இம்மரம் நம் நாட்டில் கால் வைத்து அதிக காலம் ஆகவில்லை. ஆயினும் சிவாலயங்களின் நந்தவனங்களில் அநாதியாக நின்றதுபோல் நிற்கிறது. காரணம் அந்தப் பூதான். அதிகாலையில், கிளை நுனியிலன்றி அடிமரத்திலிருந்தே தொங்கும் முறுக்கிய காம்புகளில், உள்ளங்கை அகலத்துக்கு விரியும் பூவைக் கையில் ஏந்திப் பார்க்க வேண்டும். வெளியே மஞ்சளோடிய சிவப்பும் உள்ளே ஊதா கலந்த சிவப்புமாக ஆறு தடித்த இதழ்கள். நடுவில் சிறு வட்டமாக வெண்ணிறப் பீடம். அதன் ஒரு பக்கத்திலிருந்து எழுந்து வளைந்து, பீடத்தின்மேல் குடை பிடித்தாற்போல் கவியும் கேசரக் கூட்டம், ஐந்தலை நாகம் படமெடுத்த பாவனை. பீடத்து வளையத்திலுள்ள மகரந்தமே முளைக்கும் சக்தி உடையது. படத்தின் உட்புறத்திலுள்ளது வண்டுக்கு உணவாகும் மலட்டு மகரந்தம். தேன் கிடையாது. தேனுக்குப் பதிலாக இந்த உணவை நாடி உள்ளே நுழையும் வண்டின் முதுகில் பீடத்து மகரந்தம் அப்பிக்கொள்ளும்படி அளவெடுத்து அமைந்திருக்கிறது அப்பூ. பீரங்கிக் குண்டளவு பருத்த காய் கீழே விழுந்து உடைந்தால் நாற்றம் சகிக்க முடியாது. பூவின் பரிமளமோ ஒரு தெருவுக்கு எட்டும்.

அடையாற்றின் பெரிய ஆலமரத்தைப் பற்றித் தமிழர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அதன் நிழலில் அன்னி பெசன்ட், ஜே. கிருஷ்ணமூர்த்தி முதலியோர் பேசினார்கள். ருக்மிணி தேவி 1936-ல் கலாக்ஷேத்திரத்தின் பணியைத் தொடங்கியதும் அம்மரத்தடியில்தான். 1989-ல் அடித்த புயற்காற்றில் அதன் தாய்மரம் சாய்ந்தது. வேறெந்த மரமானாலும் அன்றோடு கதை முடிந்திருக்கும். ஆலுக்கு விழுது உண்டு. ஒவ்வொரு விழுதும் தரையைத் தொட்டதும் வேராகி, தானே ஒரு மரமாகத் தடித்துக் கிளையைத் தாங்குகிறது. தாயை இழந்த மரம் விழுதுகளைக் கொண்டே இன்றும் தழைத்திருக்கிறது. இளம் விழுதை மூங்கில் குழாய்க்குள் விட்டு, மண் நிரப்பி, ஆடும் நுனி ஒடியாமல் தரைக்கு இறக்கிவிடுவது ஆலமரத்தைப் பேணுவோர் நெடுநாளாகக் கைக்கொள்ளும் முறை. ஒரு விழுது தரை தொட்டுத் தூணாக வருஷங்கள் ஆகும். நட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களால் ஆகிற காரியமல்ல இது. நாள்தோறும் வந்து பார்க்கும் ஒருவருடைய கை அதற்கு வேண்டும்.

இத்தனை தேசாந்தர மரங்களைப் போற்றிய தோட்டங்கள், காலடியில் இருந்த சுதேச வனத்தை நெடுங்காலம் திரும்பிப் பார்க்கவில்லை. சோழமண்டலக் கரையோரமாக ஒரு விசித்திரமான காடு உண்டு. மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கொட்டித் தீர்த்துவிட, அதன்பின் நீண்ட வறட்சியைத் தாங்கியும் இலையுதிர்க்காமல் வருஷம் முழுவதும் பச்சையாக இருக்கும் காடு அது. உலர்நிலப் பசுமைமாறாக் காடு என்பர் வனசாஸ்திரிகள். உயர்ந்து வளராது, சிறிய, தோல்போல் தடித்த இலைகளால் வெயிலைத் தடுத்து ஈரத்தைக் காக்கும். பாலை, வீரை, காயா, செருந்தி, களா, சூரை, காரை என்று பழைய கவிகளும் நாட்டு வைத்தியர்களும் நன்கறிந்த பெயர்களே அதன் குடிகள். இவ்வகைக் காடு விவசாயத்துக்கும் விறகுக்கும் வீட்டுமனைக்கும் அழிந்து, கோயிற்காடுகளாகவும் சிறு ஒதுக்கங்களாகவும் மாத்திரம் எஞ்சியிருக்கிறது. அத்தகைய ஒதுக்கம் ஒன்று நகரத்தின் மத்தியிலேயே தப்பிப் பிழைத்தது கிண்டியில். கவர்னரின் தோட்ட மாளிகைக்காக 1821-ல் சர்க்கார் வாங்கிய அந்த எஸ்டேட், 1910-ல் ஒதுக்கக் காடாயிற்று; பின்னர் ஐ.ஐ.டி.க்கும் காந்தி மண்டபத்துக்கும் வேறு ஸ்தாபனங்களுக்கும் பகுதி பகுதியாகக் கொடுத்தது போக, மிஞ்சிய சுமார் 270 ஹெக்டேர் 1978-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வெளிமானும் புள்ளிமானும் மேயும் இடம் என்றே ஜனங்கள் அதை அறிகிறார்கள். என் அபிப்பிராயத்தில் அங்கே மானைவிட அருமையானது அந்தப் புதர்க்காடுதான்.

தோட்டம் போட்ட துரைமார்களுக்கு முன்பே சுதேச மரத்தைக் காத்து வந்தவை நம் ஆலயங்கள். கபாலீசுவரர் கோயிலின் ஸ்தல விருட்சம் புன்னை. அம்பிகை மயிலுருவில் வழிபட்ட ஐதிகத்தைச் சொல்லும் புன்னைவனநாதர் சந்நிதியும் அம்மர நிழலில்தான் இருக்கிறது. திருஞானசம்பந்தரின் மயிலாப்பூர்ப் பதிகத்தில் கடற்கரைச் சோலையாக வருணிக்கப்படுவதும் புன்னையே. உப்புக் காற்றையும் மணல் தரையையும் தாங்குவதில் புன்னைக்கு நிகரான மரம் நம் கரையில் அரிது. கொட்டையிலிருந்து விளக்கெரிக்க எண்ணெய் எடுத்தார்கள். திருவான்மியூர் மருந்தீசுவரருக்கு வன்னி. ஒரு மரத்தை ஈசுவர சொரூபமாகக் கருதி வெட்டாமல் விட்ட அந்தப் பழக்கத்தை மூடபக்தி என்று ஒதுக்கியவர்கள், அது எத்தனை மரபுவழி விதைகளை நமக்குச் சேமித்துக் கொடுத்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்கவில்லை.

சுதேச வனத்தை மீட்க வேண்டும் என்று தோட்டம் போடுவோர் முதல்முதலாகப் பெரிய அளவில் முனைந்தது, ராஜா அண்ணாமலைபுரத்தை அடுத்த அடையாற்று உப்பங்கழியில். கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டிக் கிடந்த 58 ஏக்கரைச் சீர்திருத்தி, நீர்நிலைகளைத் தோண்டி, கழிமுகத்துக்குரிய கண்டல் செடிகளையும் மேட்டில் சோழமண்டலக் கரைக்குரிய மரவகைகளையும் நட்டு, 2011-ன் தொடக்கத்தில் தொல்காப்பியப் பூங்கா என்று பெயரிட்டார்கள். பூஞ்செடிப் பாத்திகளை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு அங்கே ஏமாற்றம்தான். முட்புதரும் கோரையும் சேறுமாகவே இருக்கும். அப்படி இருப்பதுதான் அதன் சிறப்பு. நாரையும் நீர்க்காகமும் ஆமையும் தேடி வருவது பாத்தியை அல்ல.

2016 டிசம்பர் 12-ல் வீசிய வர்தா புயல் இந்த விஷயத்தில் நகரத்துக்கு ஒரு பரீட்சை வைத்தது. தியாகராய நகரிலும் மற்ற பேட்டைகளிலும் வீதிக்கு நிழல் தந்த தூங்குமூஞ்சியும் குல்மோகரும் பெருங்கொன்றையும், ஆழமில்லாத வேரோடு, சிமெண்டு நடைபாதை நெரித்த அடியோடு, ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. அமெரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் மலேயாவிலிருந்தும் வந்த மரங்கள் அவை. புன்னை, பூவரசு, புளி போன்றவை பெரும்பாலும் கிளை முறிந்தும் வேர் பெயராமல் நின்றன. அயல்தேசத்து மரமெல்லாம் பகை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. வேருக்கு இடம் விடாமல் தார் போட்டவர்களுக்கும் அதில் பங்குண்டு. நாகலிங்கத்தையும் பெருக்க மரத்தையும் நேசிக்கிறவன் நான். ஆனால் வீதிக்கு எது, தோட்டத்துக்கு எது, காட்டுக்கு எது என்று பிரித்தறிந்து நடுவதற்கு அறிவு வேண்டும். அந்த அறிவைச் சேமித்து வைக்கும் இடம்தான் தாவரத் தோட்டம்.

கிளெகார்னின் ஜாபிதாவுக்குப் பிறகு, சென்னை மியூசியத்தைச் சேர்ந்த மயூரநாதன் இந்நகரத்தின் பூக்கும் தாவரங்களைத் தொகுத்து 1929-ல் நூலாக்கினார். மியூசியமே அதைத் திருத்தி 1994-ல் மறுபடியும் வெளியிட்டது. அதற்குப் பின் நகரம் எல்லா திசைகளிலும் பெருகிவிட்டது. கதீட்ரல் சாலைத் தோட்டங்களிலும் அடையாற்றிலும் கிண்டியிலும் கல்லூரி வளாகங்களிலும் கோயில் நந்தவனங்களிலும் இன்றைக்கு என்னென்ன நிற்கின்றன என்று சொல்லும் ஒரு புதிய ஜாபிதா தமிழில் வர வேண்டும். ஒவ்வொரு மூத்த மரத்தின் அடியிலும் அதன் தமிழ்ப் பெயரும் சாஸ்திரப் பெயரும் தாய்நாடும் எழுதிய பலகை இருக்க வேண்டும். பாலையும் வீரையும் செருந்தியும் காயாவும் விதையிலிருந்து கன்றாகும் நாற்றங்கால் ஒன்று செம்மொழிப் பூங்காவிலேயே ஏற்பட வேண்டும். பள்ளிக்கூட ஆசிரியர்களும், ஓய்வு பெற்ற தாவரவியல் பேராசிரியர்களும், பரம்பரைத் தோட்டக்காரர்களும் கூடி முயன்றால் இது அசாத்தியமான காரியம் அன்று. உங்கள் தெருவிலோ கோயிலிலோ பெயர் தெரியாத கிழட்டு மரம் ஒன்று இருந்தால், அதை அறிந்த பெரியவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.